ஏழு மணித் துவையல்

"வாயைத் திற அம்மா. ஒரு மடக்கு."

பிரேமா டம்ளரை அம்மாவின் உதட்டில் வைத்தே பிடித்திருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போயிற்று. மீதி மோவாயில் வழிந்து புடவையில் இறங்கியது. சுப்புலக்ஷ்மி அதைத் துடைக்கவில்லை. மாவுக்கட்டுப் பிரித்த வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதிடீ, போதும்," என்றாள். "அவர் இப்படிக் கிடக்கறச்சே நேக்கு எப்படி எறங்கும்?"

அப்பா பிச்சுமணியின் உயிர் போய் ஒரு மணி நேரம் இருக்கும். அதுவரை எல்லாம் வழக்கப்படிதான் நடந்திருந்தது. ஆறரைக்கு மனைவிக்கு இன்சுலின் ஊசி போட்டார். துவையல் அரைக்கச் சமையலறைக்குப் போனார். மிக்ஸியை ஓடவிட்டவர் நிறுத்தவில்லை. கொல்லைப் பின்வளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சுசீலாபாய்தான் மிக்ஸி விடாமல் ஓடுவதைக் கேட்டு, குரல் கொடுத்துப் பார்த்து, பின்கதவு வழியாக ஓடி வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாளாம். பிரேமா மருந்துக்கடை டியூட்டியிலிருந்து வந்து சேர்ந்தபோது, அப்பாவின் சட்டையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

ஊரடங்கு ஆனதால் வண்டியும் காரியம் பண்ணிவைக்கிற வாத்தியாரும் காலையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து தம்பி விஜய்குமார் ஃபோனில் அழுதான். அவனுக்குப் பாஸ் கிடைக்கிற வழி தெரியவில்லை.

கரமனை அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில் சவம் கிடந்தால், அதை எடுக்கும்வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். அந்த வீட்டில் ஆக்கி வைத்ததையும் கொட்டிவிட வேண்டும். எதிர்வீட்டு மாமி மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து, குக்கரில் இருந்த கஞ்சியையும் மிக்ஸியில் பாதி அரைந்த துவையலையும் தென்னை மரத்து மூட்டில் கொட்டிவிட்டுப் போனாள். நல்ல மனசோடுதான் செய்தாள். இப்போது வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, "ரெண்டு பழமாவது கொடுத்துப் பாரேண்டி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பழத்தைக் கையாலும் தொடவில்லை.

ஊசி உள்ளே போயாயிற்று, சோறு போகவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பிரேமாவுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முன்னைவிட இறங்கியிருந்தது. அம்மாவின் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. அப்பாவுக்காக அழ இனி எத்தனையோ நாள் இருக்கிறது, இந்த ராத்திரி அம்மாவையும் விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

"பிரேமா... பிள்ளே..."

பின்வளவிலிருந்து குரல் வந்தது. பிரேமா எழுந்து போனாள்.

இந்தச் சுவரை வைத்துத்தான் அப்பா சமையல் படித்தார். ஊரடங்கு தொடங்கின வாரமே அம்மா குளியலறையில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். சமையல்கார மாமி வருவதும் நின்றுபோனது. பகலுக்குப் பிரேமா ஏதாவது வைத்துவிட்டு ஓடுவாள். ராத்திரிச் சாப்பாடு, அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத பிச்சுமணியின் தலையில் விழுந்தது. அவர் சுவரோரம் நின்று, "சிஸ்டர், கஞ்சிக்குத் தொட்டுக்க என்ன பண்றது?" என்று கேட்டார். சுசீலாபாய் சொல்லச் சொல்ல அப்படியே செய்தார். தேங்காயைச் சுடச் சொன்னாள், சுட்டார். வற்றல் மிளகாய், புளி, ரெண்டு பல் பூண்டு என்றாள். வீட்டில் பூண்டு ஏது? சுவர் வழியாகக் கை நீட்டி அதையும் வாங்கிக்கொண்டார். சொன்னதில் ஒன்றைக் குறைத்தால் கெட்டுப்போகும் என்று பயம்.

மறுநாள்தான் சுசீலாபாய்க்கு உறைத்ததாம். "சார், உங்க வீட்டுல பூண்டு சேக்கமாட்டீங்கல்லா? தப்பாச்சே!" என்று பதறியிருக்கிறாள்.

"அவ ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிண்டாளே சிஸ்டர். இனிமே எப்படி நிறுத்தறது?" என்றாராம் அப்பா.

அதற்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு அப்பாவின் ஃபோன் வீடியோ காலோடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்ந்து நிற்கும். இந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும், அந்தப் பக்கம் தனியாக சிஸ்டர். மூவர் தட்டிலும் ஒரே கஞ்சி, ஒரே துவையல். சிஸ்டரின் பங்கு சின்னத் தூக்குப் பாத்திரத்தில் சுவர் தாண்டிப் போகும், கழுவித் திரும்பி வரும். ஒருநாள் பிரேமா சீக்கிரம் வந்தபோது மூக்கைச் சுளித்து, "அப்பா, இது பூண்டுன்னா!" என்றாள். "இஞ்சி," என்றார் அப்பா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாட்ட சொல்லிடாதே," என்றார்.

சுவருக்கு மேலே சுசீலாபாயின் முகம் தெரிந்தது. கையில் அதே தூக்கு.

"சர்க்கரைத் தண்ணி கொஞ்ச நேரந்தான் தாங்கும், கேட்டியா. சோறு உள்ள போவணும். நான் கஞ்சி வச்சேன். எங்க தெருவுல இந்தச் சட்டமெல்லாம் இல்லல்லா." தூக்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுல வச்சதை அம்மா குடிப்பாவளா மக்ளே?"

"தெரியலை சிஸ்டர். தாங்கோ."

"துவையலு மூடியில இருக்கு. பூண்டு போடல்ல. துக்க வீடு. சாருக்க வெளயாட்ட நான் இன்னைக்கு வெளயாடப்பிடாது." நைட்டி மேல் போட்டிருந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தூக்கோடு கூடத்துக்கு வந்த பிரேமாவை எதிர்வீட்டு மாமி வாசலிலிருந்து பார்த்தாள். "அந்தாத்துலேர்ந்தா?"

"ஆமாம் மாமி."

மாமி சுப்புலக்ஷ்மியைப் பார்த்தாள். பிரேமாவும் பார்த்தாள். வேண்டாம் என்று அம்மா ஒரு சொல் சொல்லிவிட்டால் பிறகு யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

சுப்புலக்ஷ்மி தூக்கின் பிடியில் இருந்த நெளிசலைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம தூக்கு," என்றாள்.

"நேத்திக்கு அப்பா கொடுத்தது. வெறும் பாத்திரமாத் திருப்பித் தரலை அவா."

அம்மா இடது கையால் ஸ்பூனை வாங்கினாள். கஞ்சியில் துவையலைத் துளி கரைத்து வாயில் வைத்தாள். விழுங்கினாள். பிரேமாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் ஸ்பூன் இரண்டாம் முறை தூக்குக்குள் போகவில்லை. அம்மா அதைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னம்மா? இன்னும் ஒரு வாய். தெய்வமே, எனக்காக."

"இதுல பூண்டு போடலை."

வாசலில் மாஸ்க்கை ஏற்றப்போன மாமியின் கை அப்படியே நின்றது.

"நோக்குத் தெரியுமா?" என்றாள் பிரேமா.

"தெரியாம என்ன? மொத நாளே மணத்துது." அம்மா கணவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. கரண்டியைக் கையில பிடிச்சுண்டு, 'நன்னா இருக்கா, நன்னா இருக்கா'ன்னு நின்னார். நான் என்ன சொல்ல? இன்னும் கொஞ்சம் போடுங்கோன்னேன்." "பின்னே எனக்கே பிடிச்சுப் போச்சு."

"அவர்ட்ட சொன்னியோ?"

"சொன்னா நிறுத்திடுவாரே."

பிரேமாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அழாதே. சிஸ்டர்ட்ட போய்ச் சொல்லு," என்றாள் அம்மா. "ரெண்டு பல்லு போட்டு அரைச்சுத் தரச் சொல்லு. சாப்பிடறேன்."

எதிர்வீட்டு மாமி தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

பிரேமா பின்வளவுக்கு ஓடினாள். "சிஸ்டர்! அம்மா பூண்டு கேக்கறா."

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, சமையலறை விளக்கு எரிந்தது. அம்மியில் குழவி தட்டும் ஓசை மெல்ல எழுந்தது.

பிரேமா திரும்பி வந்து பார்த்தபோது, அம்மா கஞ்சி ஆறிப்போகாமல் தூக்கை மூடி, ஸ்பூனை இடது கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.