ஒத்தக் கொம்பு கிட்டார்

கூறைப்புடவை எடுக்க விருத்தாசலத்திலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போனவர்கள் மூன்று பேர். காசியம்மாள், அவள் மகன் சாமிதுரை, அவனுக்கு நிச்சயமாகியிருந்த அமிர்தம். பெண்ணையே கூட்டிக்கொண்டுபோய்ப் புடவை எடுப்பது அந்த நாளில் அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் காசியம்மாள் பஸ் ஸ்டாண்டு அருகே இட்லிக் கடை வைத்து ஒற்றையாளாக மகனை வளர்த்தவள். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குப் பிடித்ததை எடுக்காமல் வேறு யாருக்குப் பிடித்ததை எடுப்பது என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள்.

சாமிதுரை பீங்கான் பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளை பார்த்தான். அதே கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிற வேலை அமிர்தத்துக்கு. அவள் அப்பா ஜங்ஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டில் இருந்த ரயில் கார்டின் மனைவி மேரி, அமிர்தம் சிறு பெண்ணாக இருந்தபோதே அவளுக்குக் கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். மாற்றலாகிப் போகும்போது தன் பழைய கிட்டாரையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கிட்டாரோடு அமிர்தம் கம்பெனியின் ஆயுதபூஜைக் கச்சேரியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஆர்மோனியம், இன்னொரு பக்கம் டிரம்மு. அவள் விரல் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை. அழகுக்காக உட்கார வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். மேடைக்கு ஒட்டிக் கீழே உட்கார்ந்திருந்த சாமிதுரைக்கு மட்டும் கேட்டது. மறுநாள் சூளைப் பக்கம் வந்தவளிடம் அவன், நடுவில் ஒரு இடத்தில் மழைத் தூறல் மாதிரி வாசித்தீர்களே, அது என்ன என்று கேட்டான். அப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தது. அது கல்யாணம்வரை வந்து நின்றது.

கரண்டில் பாடுகிற கிட்டார் ஒன்று வேண்டும் என்ற ஆசையை அவள் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் நீயே கேள், நான் கேட்டால் நீ தூண்டிவிட்டுக் கேட்கிறேன் என்று நினைப்பார்கள் என்று அவன் சொல்லிவிட்டான்.

பாண்டிபஜார் ஜவுளிக் கடையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எதைக் காட்டினாலும் அமிர்தம் நன்றாக இருக்கிறது என்றாள், எதையும் தொடவில்லை. உடம்பு சரியில்லையா என்று காசியம்மாள் கேட்டாள். அமிர்தம் சாமிதுரையைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்த, எனக்குப் பட்டு வேணாம். இந்தக் காசுல ஒரு கிட்டாரு வாங்கிக் குடுங்க."

கடைக்காரர் விரித்துக்கொண்டிருந்த புடவையைப் பாதியில் நிறுத்தினார். காசியம்மாள் மருமகளாகப் போகிறவள் பக்கம் திரும்பினாள்.

"முகூர்த்தத்துக்கு என்னாத்தக் கட்டிக்குவ?"

"நூல் பொடவ போதும் அத்த."

"அந்த கிட்டாரு எத்தினி வருசம் ஒழைக்கும்?"

"பத்தரமா வச்சிக்கிட்டா நம்ம காலம் பூரா இருக்கும்."

காசியம்மாள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். தன் கல்யாணப் பட்டை மூன்றே முறைதான் கட்டினதாகவும், மீதியைப் பூச்சி கட்டிக்கொண்டதாகவும் சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். தெருவுக்கு வந்ததும் அமிர்தத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரனைப் பார்த்துச் சிரித்தாள், அவனும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போனான்.

மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய வாத்தியக் கடைக்கு முதலில் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சீமையிலிருந்து வந்த கிட்டார் ஒன்று பட்டுத் துணிமேல் படுத்திருந்தது. விலையைக் கேட்டதும் காசியம்மாள், அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் மாடி வைத்து வீடு கட்டலாம் என்றாள். கடை ஆள் கோபித்துக்கொள்ளவில்லை. நம் கைக்குத் தகுந்த மாதிரி சொல்லிச் செய்து வாங்குவதானால் புரசைவாக்கத்தில் கோவிந்தராசு என்று ஒருவர் இருக்கிறார் என்று வழி சொல்லி அனுப்பினார்.

கோவிந்தராசுவின் பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. பருத்த மனிதர், வாய் நிறைய வெற்றிலை. சுவரில் பலகையில் வெட்டிய கிட்டார் அச்சுகள் வரிசையாகத் தொங்கின. யாருக்கு வேண்டும் என்று கேட்டார். சாமிதுரையை எதிர்பார்த்துக் கேட்டவர், அமிர்தம் கையைக் காட்டியதும் அந்தக் கையை நீட்டச் சொல்லி விரல்களின் நீளத்தைப் பார்த்தார். அதற்குமேல் வேறு எதுவும் கேட்கவில்லை.

கழுத்து வந்து உடம்போடு சேரும் இடத்தில் பலகையைக் குடைந்து வெட்டினால்தான் விரல் மேல்ஸ்தாயிக்குப் போகும் என்று அவர் விளக்கினார். இரண்டு பக்கமும் வெட்டினால் இரண்டு கொம்பு நிற்கும், கீழ்ப்பக்கம் மட்டும் வெட்டினால் ஒரு கொம்பு. சினிமாக் கச்சேரிக்காரர்கள் எல்லோரும் ரெட்டைக் கொம்புதான் கேட்கிறார்கள், அதுதான் இப்போது ஃபேஷன். வேலை அதிகம், கூலியும் அதிகம்.

அமிர்தம் இரண்டு அச்சுகளையும் கழற்றித் தரச் சொன்னாள். முக்காலியில் உட்கார்ந்து முதலில் ரெட்டைக் கொம்பை மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒற்றைக் கொம்பு. கண்ணை மூடிக்கொண்டு, கம்பியே இல்லாத பலகையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். மேல் தோள் வெட்டுப்படாமல் முழுசாக இருந்ததால் மேரி அக்காவின் கிட்டாரைப் போலவே உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது. கீழே வெட்டின வளைவு வழியாக விரல்கள் இதுவரை போகாத இடத்துக்கெல்லாம் போய்வந்தன. பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சத்தமில்லாத வாசிப்பைப் பார்த்தார்கள்.

"இதுதாங்க. ஒத்தக் கொம்பு" என்றாள்.

மரம் அடுத்து. தேக்கு கனம், ஈட்டி மரம் கைக்கு எட்டாது. வீணைக்குப் போடுகிற பலாவே போதும் என்று முடிவாயிற்று. காசியம்மாள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பலகையையும் பானை வாங்குகிறவளைப் போல விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, அடியிலிருந்த ஒன்றை உருவச் சொன்னாள். கோவிந்தராசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல பலகைதான், ஆனால் நீங்கள் தட்டாவிட்டாலும் நான் இதைத்தான் எடுத்திருப்பேன் என்றார். அதை அவள் நம்பவில்லை.

கடைசியில்தான் சிக்கல். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற பிக்கப் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? கழுத்துப் பக்கம் வைப்பது வெல்லம், வால் பக்கம் வைப்பது மிளகாய் என்றார் கோவிந்தராசு. ஒன்றுதான் என்றால் இருக்கிற பணத்தில் வண்ணம் அடித்து, பளபளவென்று மெருகேற்றி, பெட்டியில் வைத்தே கொடுத்துவிடுவார். இரண்டு என்றால் பணம் இடிக்கும்.

அமிர்தம் மெருகைத் தள்ளினாள். வண்ணத்தைத் தள்ளினாள். பெட்டியும் வேண்டாம், கோணியில் சுற்றிக் கொடுங்கள் என்றாள். அப்படியும் கொஞ்சம் இடித்தது. பிக்கப்பின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகளுக்கு மேல்குமிழ் வெளிநாட்டுச் சரக்கு என்று அவர் சொன்னபோது, வாசலில் நின்றிருந்த சாமிதுரை முதல்முறையாக வாயைத் திறந்தான். குமிழை நாங்கள் செய்துகொள்கிறோம் என்றான். எதில் செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பீங்கானில் என்றான். கோவிந்தராசு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். அதோடு கணக்கு சரியாயிற்று. சட்டி வாங்கினால் மூடி கொடுக்க மாட்டீர்களா என்று காசியம்மாள் மல்லுக்கட்டி, உபரியாக ஒரு செட் கம்பியையும் வாங்கிக்கொண்டாள்.

ஊரில் சேதி பரவியது. அமிர்தத்தின் அப்பா சிரித்தார், அம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை. காசியம்மாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டு கட்டுகிற பெண் தெருவுக்கு நான்கு இருக்கிறாள், கிட்டார் வாசிக்கிற பெண் ஜில்லாவுக்கே ஒருத்தி என்றாள். ஒரு தட்டு இட்லியையும் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்துவிட்டு வந்தாள்.

ஆர்டர் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து அமிர்தம் எழுதிய பொம்மைகளெல்லாம் கொஞ்சம் சிரித்த மாதிரியே இருந்தன. மேஸ்திரி இரண்டு முறை கண்டித்தார். குமிழ்கள் வேறு பாடுபடுத்தின. மண் சூளையில் சுருங்கும் என்பது தெரிந்திருந்தும், முதல் ஜோடி அரிசி வடகம்போலச் சுருங்கிப்போனது. அடுத்தது கல்லாங்காய் பருமனில் வந்தது. அடுத்த சூட்டில் பால் வெள்ளையில் இரண்டு குமிழ்கள் கச்சிதமாக வந்தன. சூடு ஆறும் முன்பே சாமிதுரை அவற்றைத் துணியில் பொத்திக்கொண்டு பொம்மைக் கொட்டகைக்கு ஓடினான். அவள் அவற்றில் கண்ணும் புருவமும் எழுதிவிட்டாள். எழுதியது அழியாமலிருக்க மறுபடி சூளைக்குப் போய்வந்தன.

கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால் சாமிதுரை போய் கிட்டாரைக் கொண்டுவந்தான். கோணியைப் பிரித்ததும் பலா மரத்தின் மஞ்சள் நிறத்தில் அது பிறந்த குழந்தையைப்போல் வெறும் உடம்போடு கிடந்தது. வண்ணம் அடிக்க வேப்பூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஹைவேயில் லாரிகளுக்கு பெயிண்ட் அடிக்கிற காத்தவராயன் இட்லிக் கடை வாடிக்கைக்காரன். காசியம்மாளிடம் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அமிர்தம் நீலம் கேட்டாள். ரயில் பெட்டி மாதிரி இருக்கும், சிவப்பு அடித்தால் தூரத்திலேயே தெரியும் என்றாள் காசியம்மாள். பாதி நாள் இதிலேயே போனது. கடைசியில் உடம்பு நீலம், ஓரம் சிவப்பு, அதற்குள் மெல்லிய மஞ்சள் கோடு என்று முடிந்தது.

காய வைத்த கிட்டாரைக் கையில் கொடுக்காமல் காத்தவராயன் தூரிகையோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்னா எழுதணும்னு சொல்லுங்க. எழுத்தில்லாம நம்ம கையிலேருந்து ஒரு வண்டி போனதில்ல."

இது வண்டியில்லை என்று சாமிதுரை சொல்லிப் பார்த்தான். காத்தவராயன் அசையவில்லை. அமிர்தம் யோசித்துவிட்டு, லாரிகளுக்குப் பின்னால் வழக்கமாக என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள். அவன் சொன்னான். அதையே எழுதச் சொன்னாள். ஒற்றைக் கொம்பின் ஓரமாக வளைந்து வளைந்து 'ஒலி எழுப்பவும்' என்று மஞ்சளில் எழுதி, கீழே ஒரு தாமரையும் போட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேரும் அதைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக வந்தார்கள். காசியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

கல்யாணம் காலையில் முடிந்தது. நூல் புடவையைப் பற்றி நான்கு பேர் பேசத்தான் பேசினார்கள். சாயங்காலம் பந்தலில் மைக் செட் ராஜாங்கம், மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களோடு கிட்டாரை இணைத்தார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் 'கும்' என்று ஒரே இரைச்சல். அமிர்தம் கம்பிகளை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தாள். சாமிதுரை மாலையோடு குனிந்து ஒயரைத் தேடி, தரைக்கு ஒரு கம்பியை இறக்கினான். இரைச்சல் நின்றது.

அவள் ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள்.

அந்த ஒலி பந்தலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஜங்ஷன் பக்கம் போய்விட்டது. அவளே திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். பிறகு புதுத் தாலி குலுங்கச் சிரித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். கண் எழுதிய பீங்கான் குமிழ்களைத் திருகித் திருகி முதலில் வெல்லம், அப்புறம் மிளகாய். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். புடவையைப் பற்றிப் பேசியவர்களில் ஒருத்தி, இன்னொன்று வாசிக்கச் சொல்லுங்கள் என்று காசியம்மாளின் காதைக் கடித்தாள். விரல் நோகுமட்டும் வாசித்தாள் அமிர்தம், நோகிறது என்பதே அவளுக்குப் பந்தல் காலியான பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரமே சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் இட்லிக் கடை தேடி வந்தார்கள். காசியம்மாள் மாவு ஆட்டிக்கொண்டே பேசி முடித்தாள். ஆர்மோனியக்காரரும் டிரம்முக்காரரும் கூட வருவார்கள், மேடையில் நடு இடம் மருமகளுக்கு, சாப்பாடு முதல் பந்தியில். வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

கச்சேரிக்குப் போன அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். கிட்டாரை மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம், அதற்கும் ஒரு டிக்கெட் கிழி என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது வெள்ளாற்றில் புதுத் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. காற்று முகத்தில் அடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அமிர்தம் சிரித்தபடியே இருந்தாள்.

"என்னா சிரிக்கிற?" என்றான் சாமிதுரை.

"தெரியல" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.