கரடிக்குப் பல்வலி

எங்கள் தலைமையாசிரியைக்கும் எனக்கும் ஆகாது. அவர் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனாவும் நடத்தைப் பதிவேடும் இருக்கும். யாராவது தும்மினால்கூட உடனே தேதி போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிடுவார். போன வாரம் நான் இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததும் அதில் இருக்கிறது.

இந்த முறை சண்டை ஒரு குழந்தைக்காக. என் மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருபவள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறாளாம். பள்ளியில் ஏழு மாதமாக ஒரு சொல் இல்லை. பிள்ளைகள் 'ஊமைக்கோட்டான்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். 'பள்ளியில் பேசுவதில்லை' என்று எழுதி, அவளை வேறு பள்ளிக்கு அனுப்புவதற்கான படிவம் தயாராகிவிட்டது. தலைமையாசிரியையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"மதியம் பதினஞ்சு நிமிஷம் நான் கதை வாசிக்கறப்ப அவ உதடு அசையுது மேடம். கூடவே சொல்லிட்டு வரா. இன்னும் கொஞ்ச நாள் குடுங்க," என்றேன்.

"உதடு அசைஞ்சா அது பேச்சா? பாடம் நடத்தச் சோம்பல்பட்டுக்கிட்டு நீங்க கதை வாசிக்கறீங்க. மூணாங்கிளாஸ் பிள்ளைங்க தானா வாசிச்சுக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காதுல விழாம நாக்குல எப்படி மேடம் வரும்?"

வெள்ளிக்கிழமை மதியம் படிவம், பதிவேடு, பேனா சகிதம் வகுப்புக்கே வந்துவிட்டார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினார். "இதுல என்ன பெரிய வித்தை? நானே வாசிக்கறேன். அவ வாயத் தெறக்கறாளான்னு பாப்போம்."

பல்வலியோடு காடெல்லாம் சுற்றும் கரடியின் கதை அது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பாதி வார்த்தையை விழுங்கித்தான் நான் கரடியைப் பேசவைப்பேன். பிள்ளைகளும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இவரோ சுற்றறிக்கை படிப்பதுபோலக் கடகடவென்று போனார். கரடிக்கும் முயலுக்கும் ஒரே குரல். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பாவி, என் கரடியைக் கொல்கிறாளே என்று மனதுக்குள் திட்டினேன்.

கடைசி பெஞ்சில் அவள் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"கரடி அப்படிப் பேசாது. அதுக்குப் பல்லு வலிக்குது. உங்களுக்கு வாசிக்கத் தெரியல. டீச்சர்கிட்டயே குடுங்க."

தலைமையாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. "பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?" என்று பதிவேட்டைப் பிரித்தார். அவள் பெயர், தேதி, நேரம். 'அதிகப்பிரசங்கி. தலைமையாசிரியையை எதிர்த்துப் பேசுகிறாள்.' கீழே கையெழுத்து.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மை காய்வதற்குள் படிவத்தை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தேன்.

"இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க மேடம். 'பள்ளியில் பேசுவதில்லை'ன்னு இருக்கு."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படிவத்தைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். போவதற்குமுன் என் பெயரையும் எழுதத் தவறவில்லை: 'தலைமையாசிரியையைப் பார்த்துச் சிரித்தார்.'

"டீச்சர், மொதல்லேர்ந்து வாசிங்க," என்றாள் கடைசி பெஞ்சுக்காரி.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு கரடியும் கூடவே பேசியது.