அப்படி ஆரும் இங்க இல்லீங்க

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட அது மேல். இந்தக் கதை ஒரு பொய்யான வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நானேதான்.

'மேற்படி நபர் இந்த முகவரியில் வசிக்கவில்லை.'

ஐந்தே சொல். நான் எழுதிய கதைகள் எதுவும் யாரையும் ஓர் அங்குலம்கூட நகர்த்தியதில்லை. இந்த ஐந்து சொல் மட்டும் ஒரு பெண்ணை அவள் வீட்டிலிருந்தே காணாமல் அடித்துவிட்டது.

அப்போது வயிற்றுப்பாட்டுக்கு நான் பார்த்த வேலை அப்படி. யாராவது கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பம் போட்டால், அவர் சொன்ன முகவரியில் நிஜமாகவே இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும். வெரிஃபிகேஷன் என்பார்கள். ஏற்காடு மலை முழுக்க என் தலையில் கட்டியிருந்தார்கள். குப்பனூர் வழியாக டூவீலரில் ஏறி, நாலு வீடு பார்த்து, பனி இறங்குவதற்குள் நானும் இறங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். இரண்டு வேலையிலும் ஆளைப் பார்த்து, நம்பி, எழுதவேண்டும். இரண்டிலும் நான் சுமார்தான்.

2

எங்கே தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: 'பனிப் போர்வை விலக, எழில் கொஞ்சும் ஏற்காட்டு மலையில் காப்பிப் பூக்களின் நறுமணம்...' போதும். இது லாட்ஜ் விளம்பரம்.

தொடக்கம் இரண்டு: 'வறுமையின் பிடியில் வாடிய அந்தக் குடும்பத்தில்...' இதை அந்தப் பெண் படித்தால் என் சட்டையைப் பிடிப்பாள். அவள் வாடுகிற ஆளே இல்லை.

தொடக்கம் மூன்று: 'தேவகுமாரியின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது.' இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

தேவகுமாரியின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் அவள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பி.காம். முடித்து அஞ்சாவது மாசம். முதல் வேலை. ஆபீஸுக்கு வந்த பேங்க் ஆள் எல்லாரிடமும் கிரெடிட் கார்டு ஃபாரம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் கார்டு வந்துவிட்டது. அவளுக்கு, 'வருந்துகிறோம்' என்று மெசேஜ் வந்தது.

கார்டை வைத்து அவள் எதையும் வாங்கிக் குவிக்க நினைக்கவில்லை. (ஒரே ஒரு பொருள் வாங்க நினைத்தாள். பிறகு சொல்கிறேன்.) பக்கத்து சீட்டு சாந்தாமேரியின் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, பேர் எழுத்துகள் மேடாக எழும்பி நின்றன. விரலால் தடவினால் தெரிந்தது. தன் பேரை அப்படி ஒருமுறை தடவிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. தப்பா?

அவள் வீடு நாகலூருக்கு அந்தப்பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் லைனில். எஸ்டேட் பேரைச் சொல்லமாட்டேன். வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு இரண்டு அறை, பொதுவாக ஒரு குழாய். அப்பா ஐயாக்கண்ணு அவள் மூன்றாவது படிக்கும்போதே போய்ச்சேர்ந்துவிட்டார். அம்மா மருதாயி முப்பது வருசமாகப் பழம் பறிக்கிறாள். செக்ரோலில்* மருதாயியின் பேர் இருப்பதால் வீடு இருக்கிறது.

(* செக்ரோல் என்பது வேலைக்கு வருகிறவர்களின் பேர் எழுதிய பெரிய நோட்டு. தினமும் காலையில் அதைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறவர் ரைட்டர். 'நானும் ரைட்டர்தான்' என்று ஒருதரம் அங்கே சொல்லி மூக்குடைபட்டிருக்கிறேன்.)

அந்த எஸ்டேட்டில் ஒரு கட்டுப்பாடு. பதினெட்டு வயது முடிந்த பிள்ளை, ஒன்று செக்ரோலில் பேர் கொடுத்து வேலைக்கு வரவேண்டும், இல்லை லைனைவிட்டுப் போய்விடவேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார்கள். அதனால், ஃபைலோடு யார் வந்து கேட்டாலும் லைனில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். தேவகுமாரி தினமும் ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுவதை ரைட்டர் அண்ணாதுரை பார்க்காமலா இருப்பார்? பார்ப்பார். பார்த்துவிட்டு மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். கண்ணில் பட்டதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தாளில் வந்துவிட்டால்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது புரிந்திருக்கும், நான் யாரிடம் போய் என்ன கேட்டேன் என்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தேவகுமாரி கேட்டாள். "ஏம்மா, ஆராச்சும் என்னையத் தேடி வந்தாங்களா?"

களி கிண்டிக்கொண்டிருந்த மருதாயிக்கு முகமெல்லாம் பெருமை. "போன வாரம் ஒருத்தன் வந்தான் கண்ணு, ஃபைலத் தூக்கிக்கிட்டு. நான் பிடியே குடுக்கலையே! தேவகுமாரிங்கற புள்ள இங்க இருக்குதான்னான். அப்படி ஆரும் இங்க இல்லீங்கன்னுட்டேன். செவுத்துல போட்டாவக் காட்டி இது ஆருன்னான். எங்கக்கா மவளுன்னேன். போயே போயிட்டான்."

"அம்மா! அது பேங்க் ஆளும்மா!"

"பேங்குக்கு நம்ம ஊட்டுல என்ன வேலை?"

தேவகுமாரி மெசேஜைக் காட்டினாள், படித்தும் காட்டினாள். "என்னைய இல்லைன்னு சொல்லிப்போட்டியேம்மா."

களிக்கோல் நின்றது. "மூணு வருசமா அதைத்தான் சாமி சொல்லிட்டிருக்கறேன். உன்னையப் படிக்க வெச்சதே அந்தப் பொய்தான்."

களி அடிப்பிடித்துவிட்டது.

4

இந்த இடத்தில் என் நண்பன் ஒருவன் கையெழுத்துப் பிரதியில் பென்சிலால் எழுதினான்: 'பெத்த தாய் அப்படிச் சொல்லுவாளா? மருதாயி நம்பும்படி இல்லை.'

அவனுக்கு என் பதில்: நான்கூட நம்பவில்லையடா! அந்த போட்டோவில் கறுப்பு அங்கி போட்டு, தொப்பி வைத்து, கையில் சுருட்டின சர்டிபிகேட்டோடு நிற்கிற பெண்ணுக்கும் என் முன்னால் நின்ற பொம்பிளைக்கும் ஒரே மூக்கு. ஆணியில் காலேஜ் பை தொங்கியது. கொடியில் சுடிதார் காய்ந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவு போதாதா? ஆனால் பனி இறங்கிக்கொண்டிருந்தது, எனக்கு வண்டியில் லைட் சரியில்லை. ஐந்து சொல்லை எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மருதாயியைச் சந்தேகப்படாதீர்கள். சந்தேகப்படுவதென்றால் என்னைச் சந்தேகப்படுங்கள்.

5

மூன்று மாதம் கழித்து தேவகுமாரி மறுபடி விண்ணப்பம் போட்டாள்.

சாந்தாமேரி நல்ல பெண். "அம்மாப்பேட்டைல எங்க ஊட்டு அட்ரஸ் குடுத்துருடி. எங்கம்மா கேள்வியே கேக்காம ஆமாம்பாங்க" என்றாள். சுலபமான வழி. நான் அந்தப் பெண்ணாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், கதையும் இங்கேயே முடிந்து...

அவள் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஊடு இருக்கையில எதுக்குடி உன்ற ஊடு?"

கட்டம் கட்டமாக இருந்த இடத்தில் எழுத்துக்கு ஒரு கட்டமாக எழுதினாள். தேவகுமாரி. லைன் நம்பர், வீட்டு நம்பர், நாகலூர் தபால், ஏற்காடு. பேனாவை அழுத்தி எழுதியதில் அடித்தாளிலும் அச்சு விழுந்திருந்தது. (விழுந்திருந்ததைப் பார்த்தேன். இது கற்பனை இல்லை.)

எழுதிவிட்டாளே தவிர, பஸ் ஏறியதும்தான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் ஊட்டை அல்லவா கட்டத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்?

6

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் டூவீலர் சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒல்லியான ஆள் ஒருத்தன் ஃபைலோடு இறங்கினான். பார்த்ததுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. (நான்தான்.)

"தேவகுமாரிங்கறது..."

"நான்தானுங்க."

"நீங்க சொன்னாச் செல்லாதுங்க. ஊட்டுல வேற ஆராச்சும் சொல்லணும். அப்புறம் பக்கத்து ஊட்டு ஆள் ஒருத்தர் சொல்லணும்."

கண்முன்னால் நிற்கிறாள், அவள் சொன்னால் செல்லாதாம்! அந்த ஃபாரத்தை அடித்தவன் எவனோ, அவன் நன்றாயிருக்கட்டும்.

மருதாயி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "ஏனுங்க, இந்தத் தாளு எஸ்டேட்டு ஆபீஸுக்குப் போகுங்களா?"

"போகாதுங்க. ஆனா கார்டு இந்த அட்ரஸுக்குத்தான் வரும்."

தபால் எல்லாம் ஆபீஸுக்குத்தான் வரும். ரைட்டர் கையில்தான் கொடுப்பார்கள். கவரின் மேலே தேவகுமாரி பேரும் இந்த வீட்டு நம்பரும் அச்சாகி இருக்கும். மூன்று பேருக்கும் அது தெரியும். குழாயடியில் குடத்தோடு நின்ற கிருஷ்ணம்மாளுக்கும் தெரியும். அவள் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, குழாயை மூடவில்லை.

தேவகுமாரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருசமாகப் பழம் பறித்துக் காப்பாற்றி வைத்திருக்கிற இரண்டு அறை. சட்டென்று அவளுக்கு எல்லாம் வேண்டாமென்றாகிவிட்டது. "வுடும்மா. அவரு போகட்டும். கார்டு இல்லாட்டி என்ன, குடியா முழுகிப்போச்சு?"

மருதாயி உள்ளே போனாள். போய்விட்டாள் என்றே தேவகுமாரி நினைத்தாள். திரும்பி வந்தபோது கையில் அந்த போட்டோ. முந்தானையால் கண்ணாடியை ஒரு துடைப்பு துடைத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எங்கக்காளுக்கு மவளே கெடையாதுங்க, மூணும் பசங்க. இவ எம் மவ. இந்த ஊட்டுலதான் பொறந்தா, இந்த ஊட்டுலதான் படிச்சா, இந்த ஊட்டுலதான் இருக்கறா. எழுதிக்குங்க. நல்லா பெருசா எழுதுங்க!"

தேவகுமாரி அழவில்லை. முதுகை நிமிர்த்தி நின்றாள். போட்டோவில் நிற்பதைவிட நிமிர்ந்து நின்றாள்.

அடுத்தது பக்கத்து வீடு. நான் கேட்பதற்குள்ளேயே கிருஷ்ணம்மாள் குரல் கொடுத்துவிட்டாள். "இருக்குதுங்க! தெனமும் ஆறு மணி பஸ்ஸுக்குத் தல வாரிக்கிட்டே ஓடறதப் பாக்கறேனே." கொஞ்சம் யோசித்தாள். "எங்க பொன்னுவேலும் இங்கதானுங்க இருக்கறான். ஒர்க்ஷாப்புல வேல. அவனையும் எழுதிக்குங்க."

"அம்மா, இது அதுக்கில்லீங்க..."

"எங்க ராசாத்தி நர்ஸு படிக்குதுங்க!" கடைசி வீட்டிலிருந்து பாவாயி. "அவளும் இருக்கறா!"

வரிசையாகக் கதவுகள் திறந்தன. வருசக்கணக்காக 'இல்லீங்க'வாக இருந்த பிள்ளைகளெல்லாம் ஒவ்வொருத்தராகப் பேரோடு வந்தார்கள். நான் ஃபாரத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். ஏழு பேர். பேங்கில் யாரும் பின்பக்கம் திருப்பியிருக்கமாட்டார்கள். எனக்கு அதனாலென்ன? நான் எழுதியதிலேயே ரொம்பப் பெருமைப்படுகிற பக்கம் அதுதான். நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் தடவை பச்சைத் தண்ணிகூடத் தராத மருதாயி அன்று காப்பி கொடுத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குடித்தேன்.

7

முடிவுக்கு வருவோம். வராமல் முடியாதா என்று பார்த்தேன், முடியவில்லை.

முடிவு அ: கார்டு வருகிறது, கூடவே எஸ்டேட் நோட்டீஸும் வருகிறது. மூன்று பக்கம் எழுதினேன், கண்ணீர் நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். இவர்களை அழவைத்துக் கதை பண்ண எனக்கு உரிமையில்லை.

முடிவு ஆ: ரைட்டர் வழக்கம்போல் மரத்தைப் பார்த்துக்கொண்டே கவரை நீட்டுகிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடக்கக்கூடியதுதான், ஆனால் மருதாயி அவ்வளவு சத்தமாகச் சொன்ன பிறகு இது சப்பென்று இருக்கிறது.

முடிவு இ: இது நடந்தது. எவ்வளவு தூரம் தெரியுமோ அவ்வளவு சொல்கிறேன்.

ஒரு காலை எனக்கு போன் வந்தது. "வெரிஃபிகேஷன் அண்ணனுங்களா? தேவகுமாரி பேசறேனுங்க. கார்டு கையில இருக்குதுங்க!" பஸ்ஸிலிருந்து பேசினாள். சாயங்காலம் சேலத்தில் அந்த ஒரே பொருளை வாங்கப் போகிறாளாம். அம்மாவுக்கு மழைக்கோட்டு. முப்பது வருசமாக மருதாயி மழையில் உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் பழம் பறிக்கிறாள்.

"எப்படிக் குடுத்தாருங்க ரைட்டர்?" என்றேன்.

அவள் சொன்னாள். விடிந்த நேரம், தூறல். ஆபீஸ் முன்னால் நாற்பது பேர், தலையில் சாக்கு. இவள் எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறாள். அண்ணாதுரை பேர் கூப்பிடுகிறார். மருதாயி. இருக்கறேனுங்க. கிருஷ்ணம்மாள். இருக்கறேனுங்க. பாவாயி. இருக்கறேனுங்க. கடைசிப் பேர் முடிந்து நோட்டை மூடினவர் போகவில்லை. சட்டைக்குள்ளேயிருந்து ஒரு கவரை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். லைன் நம்பரை வாய்விட்டுப் படித்தார், வீட்டு நம்பரைப் படித்தார். மருதாயி தலைச்சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அண்ணாதுரை இந்தத் தடவை மரத்தைப் பார்க்கவில்லை. செக்ரோல் படிக்கிற அதே குரலில், அதே சத்தத்தில் கூப்பிட்டார்:

"தேவகுமாரி!"

"அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்னாச்சுங்க?"

அந்தப் பெண் சிரித்தாள். "அப்புறம் எங்கம்மா..." என்றாள். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது, சிக்னல் போய்விட்டது.

திரும்பக் கூப்பிடலாம். நம்பர் இருக்கிறது. கூப்பிடவில்லை. அந்த வாசலில் நின்று ஒருதரம் தப்பாக எழுதியவன் நான்; இந்தப் பதிலையும் நானே எழுதுவது முறையில்லை. நீங்கள் எழுதுங்கள். இவ்வளவு நேரம் அந்த ஊட்டுக்குள் இருந்திருக்கிறீர்கள், அடிப்பிடித்த களி வாசம்கூடத் தெரியும். பக்கத்து ஊட்டு ஆள் ஒருத்தர் சொன்னாலும் செல்லும்.

பேர் கூப்பிட்டாகிவிட்டது. ரைட்டர் காத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்க.