பேசாலை மாக்கிறட் கட்டிய பொதிகள்

தலைமன்னாரில் கப்பல் துறை கட்டிக்கொண்டிருந்த வருடத்தில், பேசாலை மாக்கிறட் கட்டிக்கொடுத்த பொதிகள், தங்களைச் சுமந்துபோன கழுதையை நறுவிலிக்குளத்துக்குப் போகும் வழியில் தூக்கிக்கொண்டு பறந்தன. அந்த வருடம் கட்டாக் கருவாடு நல்ல விலைக்குப் போனது. சூடைக் கருவாட்டைத்தான் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

மாக்கிறட் அதற்கு முன் ஊரிலுள்ள மற்றப் பெண்களைப் போல மீனைக் கீறி, உப்பிட்டு, கரையில் காயவைத்து, மன்னார்ப் பட்டினத்து வியாபாரி அப்துல் ஹமீட் சொன்ன விலைக்குக் கொடுத்து வந்தவள். ஹமீட் நல்ல மனிதர்தான். என்ன, விலை பேசும்போது மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும். கூடக் கேட்டால் கேட்காது, குறைத்துக் கேட்டால் தெளிவாகக் கேட்கும். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மாக்கிறட், கல்யாணத்துக்குப் போட்ட தோட்டைக் கழற்றிக் கொடுத்து ஒரு கழுதை வாங்கினாள். மீன் பார்த்து வாங்குவதும் பதப்படுத்துவதும் பொதி கட்டுவதும் அவள் வேலை, கழுதையோடு நடந்துபோய் விற்பது கணவன் கொன்ஸ்ரன்ரைன் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். மன்னார்த் தீவுக்கு அப்பால், யானை நடமாடும் பெருநிலக் காட்டுப் பாதையில் ஒரு பெண் தனியாகப் போய்வர அந்தக் காலத்தில் வழியில்லை. ஆகவே கொன்ஸ்ரன்ரைன் நடந்தால் வியாபாரம் உண்டு. நடக்காவிட்டால் பழையபடி ஹமீட்டின் மந்தக் காதுதான்.

முதல் பயணத்திலேயே கொன்ஸ்ரன்ரைன் கருவாட்டை இலுப்பைக்கடவைக்குக் கொண்டுபோகப் புறப்பட்டான். அங்கே அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான், காரணம் அவ்வளவுதான். இலுப்பைக்கடவையும் கடலோரத்து ஊர், வீட்டுக்கு வீடு கருவாடு தொங்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. யோசித்தது பொதி. அடிக்கு அடி அது கனத்துக்கொண்டே போய், ஆழமில்லாத மன்னார்க் கடலைக் கடந்து பெருநிலத்தில் கரையேறியதும் கழுதை முழங்காலை மடித்துப் படுத்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த ஹமீட்டும் அவருடைய ஆட்களும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. கொன்ஸ்ரன்ரைன் சலித்துப்போய்க் கழுதையின் தலையை நெல் விளையும் நறுவிலிக்குளப் பக்கம் திருப்பினான். உடனே பொதி பஞ்சுத் தலையணை போலாக, கழுதை எழுந்து நின்று புல் மேயத் தொடங்கியது. ஹமீட் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சரக்குக்குப் போற இடம் தெரியுது தம்பி. உமக்குத்தான் தெரியேல்லை."

ஹமீட் விடுகிற ஆளில்லை. தானும் ஒரு பொதி கட்டி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அது பேசாமல் கிடந்தது. அதே பொதியை மாக்கிறட்டைக் கொண்டு பிரித்துக் கட்டுவித்தபோது, கருவாடு வேண்டிய ஊர்ப்பக்கம் லேசாகவும் வேண்டாத ஊர்ப்பக்கம் கனமாகவும் ஆனது. சங்கதி அவளுடைய கையில்தான் என்று தீவு முழுவதற்கும் தெரிந்தது. மாதா கோயில் சுவாமியார் அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உப்புப் பட்டு வெடித்திருக்கிறது, நல்லெண்ணெய் பூசு என்றார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

நெல் அரிவுவெட்டுக் காலம் வந்தது. வயலில் வேலை செய்கிறவர்களுக்குச் சோற்றோடு கருவாடு இல்லாமல் முடியாது. நறுவிலிக்குளத்துக்குக் கட்டிய பொதிகள் முற்றத்திலேயே துள்ளத் தொடங்கின. தீவில் கழுதை வைத்திருப்பவர்கள் பொதி ஒரு பக்கம் சாய்ந்தால், கடல் கரைக்குத் தள்ளிவிடும் முருகைக்கல் என்னும் பவளப்பாறைத் துண்டொன்றைப் பொறுக்கி வைத்துச் சமன்செய்வார்கள். சும்மா கிடக்கும் கல், அதற்கு ஒரு பெறுமதி உண்டென்று யாரும் நினைத்ததில்லை. மாக்கிறட்டும் அந்த வழக்கப்படி இரண்டு பக்கமும் பெரிய பெரிய முருகைக்கற்களை வைத்து இறுக்கிக் கட்டினாள். கடலைக் கடந்து காட்டுப் பாதையில் ஏறியதுதான் தாமதம், கருவாட்டோடு கல்லும் சேர்ந்துகொண்டு கிளம்பிவிட்டது. கழுதை மேலே போனது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த கொன்ஸ்ரன்ரைனும் மேலே போனான். பாலை மரங்களின் உச்சியைக் காலால் உரசிக்கொண்டு, அந்தோனியாரே அந்தோனியாரே என்று கத்தியபடி போய், தம்பு என்ற கமக்காரரின் நெல் மிதிக்கும் சூட்டுக்களத்தில் இறங்கினான்.

தம்பு கழுதையையும் பார்க்கவில்லை, கொன்ஸ்ரன்ரைனையும் பார்க்கவில்லை. கல்லைத்தான் தட்டிப் பார்த்தார்.

"உந்தக் கல்லு என்ன விலை?"

"கல்லுக்கோ?" என்றான் கொன்ஸ்ரன்ரைன், இன்னும் மூச்சு வாங்கியபடி.

"ஓமடாப்பா. இஞ்சை முழுக்கக் களிமண். ஒவ்வொரு மாரிக்கும் கிணறு இடிஞ்சு விழுது. கட்டுறதுக்கு ஒரு கல்லுக் கிடையாது. அரை வண்டில் நெல்லுத் தாறன், இன்னும் கொண்டு வா."

வீட்டுக்கு நெல் வந்தது. மாக்கிறட் சந்தோஷத்தில் கழுதையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கரை முழுவதும் கொட்டிக்கிடக்கும் கல்லுக்கு வாங்க ஆளிருக்கிறது, அதைச் சுட்டால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, நெல்லைப் பட்டினத்தில் விற்றால் இன்னொரு கழுதை. இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பியபோது கொன்ஸ்ரன்ரைன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய தாய்மாமன் பேதுரு கப்பல் துறையில் கங்காணி. காக்கிச் சட்டை, மாதச் சம்பளம், வயது போனால் பென்சன் என்று பல மாதங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

"நான் மாமாட்டைப் போறன் மாக்கிறட். மாசச் சம்பளம் நிலத்திலை நிக்கும்."

"இஞ்சருங்கோ, அடுத்தமுறை ரெண்டு பக்கமும் ஒவ்வொரு உருண்டை களிமண் வைச்சுக் கட்டிவிடுறன். நறுவிலிக்குளத்திலை களிமண்ணை ஆர் கேக்கப்போகினம்? பொதி எழும்பாது."

"மாமாவுக்குச் சொல்லி அனுப்பிப்போட்டன்," என்றான் அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

தோடு போன காதைத் தடவிக்கொண்டு ஒரு மூலையில் இருந்து அழுதாள். அழுது முடிந்ததும் அவளுக்கே ஒரு யோசனை வந்தது: இவனையும் ஒரு பொதியாக என் கையாலேயே கட்டி அனுப்பிப் பார்த்தால் என்ன? அவன் வேலைக்குப் புறப்பட்ட காலை, மாமா அனுப்பிய காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்களைத் தன் கையாலேயே பூட்டிவிட்டாள். சோற்றுப் பொதியையும் கட்டிக்கொடுத்தாள். துறைக்கு இவன் வேண்டுமென்றால் லேசாகப் போகட்டும், நான் கழுதையை விற்றுவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை அவள் உண்மையாகவே சொன்னாள். வாசல் படலையில் நின்று அவனுடைய கால்களையே பார்த்தாள்.

கோயில் தாண்டும்வரை கொன்ஸ்ரன்ரைன் ஒழுங்காகத்தான் நடந்தான். பனங்கூடல் தொடங்கிய இடத்தில் கணுக்கால்வரை மணலில் புதைந்தான். மணல் பொல்லாதது என்று வைதுகொண்டு காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தான். முழங்கால்வரை போனதும் வழியால் வந்த மாட்டு வண்டியில் ஏறினான். அச்சு முறிந்தது. வண்டிக்காரன் தில்லைநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, துறைவாசலிலை வேலைக்கெண்டு ஊர்ப்பட்ட சனம் நிக்குது. நீர் போகாட்டிலும் கப்பல் வரும்," என்றார். இடுப்புவரை புதைந்துகொண்டிருந்த மனிதனுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. ஊர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினான். திருப்பியதுதான், மணலிலிருந்து மரவள்ளிக் கிழங்கு போல் உருவிக்கொண்டு வெளியே வந்து, தில்லைநாதனின் தலைக்கு மேலால் போனான். இந்த முறை அவன் அந்தோனியாரைக் கூப்பிடவில்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்தது. தான் அங்கே இவ்வளவுக்குத் தேவையா என்று நினைத்தபடி கோயிலைத் தாண்டினான்.

கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அருளம்மா அண்ணாந்து பார்த்தாள். "கொன்ஸ்ரன்ரைன் வேலைக்குப் போகேல்லைப் போல," என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவினாள். மாக்கிறட் முற்றத்துக்கு ஓடிவந்தாள். அவன் காய்ந்துகொண்டிருந்த வலையொன்றில் சிக்கி, அதையும் இழுத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் வந்து இறங்கி நின்றான். சட்டையெல்லாம் மீன் செதில். அவள் சிரித்தாள், அழுதாள், பொத்தானைக் கழற்றினாள்.

"களிமண் குழைச்சு வைச்சிருக்கிறன்," என்றாள்.

"ஆர் குழைக்கச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை."

காக்கிச் சட்டை துறைவாசலில் நின்றவர்களில் ஒருவனுக்குப் போனது. அவன் அதைப் போட்டு நன்றாக வாழ்ந்தான் என்று கேள்வி. மாக்கிறட் மூன்று கழுதைகளும் ஒரு சுண்ணாம்புச் சூளையும் வைத்து நடத்தினாள். நறுவிலிக்குளத்தில் கிணறு இடிவது நின்றது. அந்த ஊருக்குப் போகும்போது கொன்ஸ்ரன்ரைன் களிமண் வைத்த பொதிகளோடு நிலத்தில் நடந்துதான் போவான். திரும்பி வரும்போதுதான் கால் நிலத்தில் பாவாது. அதனால் அவன் திரும்பும் நாளென்று தெரிந்தால் பேசாலை மீனவர்கள், காயப்போட்ட வலைகளை ஒரு முழம் தாழ்த்திக் கட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.