சீலிங்கில் ஒரு டாஸ்மேனியா

மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்து ஆறு நாளாகியும் ரோண்டா சூட்கேஸைப் பிரிக்கவில்லை. பிரித்தாலும் துணியை எங்கே வைப்பது? அலமாரிகளின் அடிப்பாகமெல்லாம் தண்ணீரில் ஊறி உப்பிக் கிடந்தது. கூரைமேல் இருந்த சோலார் ஹீட்டரின் குழாய் வெடித்து, சின்ன அறையின் சீலிங் மொத்தமாகக் கீழே விழுந்து, வீடு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். முன்கதவுக்கு அடியில் வழிவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் போன் செய்ததும், ஆஸ்திரேலியாவின் இன்னொரு கோடியில், அடிலெய்டில் மகளோடு இருந்தவள் அடித்துப் பிடித்துக்கொண்டு மாண்டுரா வீட்டுக்கு ஓடிவந்தாள். அன்றிலிருந்து எட்டு ராட்சத மின்விசிறிகள் வீட்டுக்குள் இரைந்துகொண்டிருக்கின்றன. சுவர் காய்கிறதோ இல்லையோ, அவளுக்குத் தலை காய்ந்துவிட்டது.

அவள் கணவன் டாரில் தூரத்துப் பில்பரா இரும்புச் சுரங்கத்தில், அங்கேயே கேம்பில் தங்கிப் பெரிய லாரி ஓட்டுபவன். செய்தி கேட்டு மறுநாளே விமானம் பிடித்து வந்ததாகச் சொல்லி, சுரங்கத்து ஆரஞ்சுச் சட்டையும் செம்மண் பூட்ஸுமாக வாசலில் வந்து நின்றான். வந்ததிலிருந்து உம்மென்றே இருந்தான். பேரன் செத்த துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகள் டீகனுக்கு இரட்டைக் குழந்தைகள், இருபத்தேழு வாரத்திலேயே பிறந்துவிட்டன. பெண் குழந்தை பிழைத்தது. பையன் ஃபின் ஒன்பது நாள்தான் இருந்தான். அடக்கத்துக்கு டாரில் வரவில்லை. மூன்று மாதம் ஒரே மூச்சாக வேலை, லீவே கிடையாது, கால்பிடித்துக் கேட்டும் மேலாளர் விடவில்லை என்றான். "அப்பாவுக்கு லாரிதான் முக்கியம்" என்று டீகன் அழுதபோது, ரோண்டா அவனுக்காகப் பெற்ற பெண்ணோடு சண்டை போட்டாள்.

இன்று இன்ஷூரன்ஸிலிருந்து வார்விக் வந்திருந்தார். பின்கட்டு நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் காகிதங்கள். அவர் தலையசைத்தால் வீடு வீடாகும். கைவிரித்தால் அந்தச் செலவைத் தாங்க இவர்களால் முடியாது. ஈர வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஐம்பத்தாறு வயதில் வாடகைக்குப் போக வேண்டியதுதான்.

"ரெண்டே கேள்விதான் ரோண்டா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் வார்விக். "அறுபது நாளுக்கு மேல ஆளில்லாம பூட்டிக் கிடந்த வீட்டுக்கு பாலிசி ஒண்ணும் தராது. நீங்க எப்பக் கிளம்பினீங்க?"

"ஜனவரி நாலு."

"குழாய் வெடிச்சது மார்ச் பத்து. அறுபத்தஞ்சு நாள் ஆகுது."

"அஞ்சே அஞ்சு நாள்தானே கூட? இருபத்திரண்டு வருஷமா ஒரு மாசம் விடாம கட்டியிருக்கேன். வாங்குறப்ப இந்த நாள் கணக்கெல்லாம் எங்க போச்சு?"

வார்விக் நெளிந்தார். "டாரில், நடுவுல நீங்க ஒரு ராத்திரியாவது வந்து தங்கினீங்களா?"

"இவன் எங்க வர்றது?" ரோண்டாவே முந்திக்கொண்டாள். "பேரன் அடக்கத்துக்கே விடல, படுபாவிங்க."

டாரில் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டைக் காயவைக்க வந்திருந்த டெவிட்டா என்ற டோங்கா நாட்டு ஆள் அப்போதுதான் குரல் கொடுத்தான். "வார்விக், நீங்க கேட்ட சீலிங் துண்டுங்களை எடுத்து வச்சிருக்கேன். வாங்க."

புல்தரையில் தார்ப்பாய் விரித்து, விழுந்த சீலிங்கின் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கியிருந்தான். நடுவில் காபி நிறத்தில் பெரிய கறை.

"பாருங்க ஆன்ட்டி, வளையம் வளையமா இருக்குல்ல? நனைஞ்சு காயுறப்ப எல்லாம் ஒரு வளையம் விழும். குழாய் வெடிக்கிறதுக்கு முன்னாடி ஏழெட்டு வாரமாவே சொட்டியிருக்கு."

"இதுதான் என் ரெண்டாவது கேள்வி," என்றார் வார்விக். "கசியறத யாராவது பார்த்துட்டு சும்மா விட்டிருந்தா, அதுக்கும் பணம் கிடையாது."

ரோண்டா குனிந்து பார்த்தாள். மேலே அகலம், கீழே போகப்போகக் குறுகல். மேல் ஓரத்தில் யாரோ கடித்த மாதிரி ஒரு பள்ளம். இடது மூலையில் தனியாக ஒரு சின்னப் புள்ளி, ஆஸ்திரேலிய வரைபடத்தின் தெற்கே கிடக்கும் அந்தத் தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டித் தீவு மாதிரி.

டாஸ்மேனியா.

இதை அவள் பார்த்திருக்கிறாள். வாரத்துக்கு நான்கு நாள் பார்த்திருக்கிறாள். வீடியோ காலில், டாரிலின் தலைக்கு மேலே தெரிந்த வெறும் சீலிங்கில். "உன் கேம்ப் ரூம்ல டாஸ்மேனியா வளருது பாரு, சரிபண்ணச் சொல்லு" என்று கேலி செய்திருக்கிறாள். "மேனேஜர்கிட்ட சொல்றேன்" என்று அவனும் சிரித்திருக்கிறான்.

பில்பராவில் இருந்த கறை எப்படி அவள் வீட்டுப் புல்தரைக்கு வந்தது?

நிமிர்ந்து டாரிலைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் இங்கதான் இருந்தேன்," என்றான்.

"எங்க?"

"இங்கதான், நம்ம வீட்ல. ஜனவரி பன்னெண்டாம் தேதியே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. தானா ஓடுற லாரி வந்துடுச்சு, ஓட்ட ஆளே வேணாமாம். உன்கிட்ட சொல்ல வாய் வரல. ராத்திரில பார்சல் வேன் ஓட்டினேன். அன்னிக்கு நான் வேலைக்குப் போயிருந்தப்பதான் குழாய் வெடிச்சது."

"அந்த பூட்ஸ்ல செம்மண்ணு?"

"பழசு. கழுவல."

அந்தப் புல்தரையில் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் வார்விக்தான்.

"அப்பாடா! அப்போ அறுபது நாள் பிரச்சனை தீர்ந்தது. நீங்க இருந்ததுக்குக் கரண்ட் மீட்டரும் ஒத்துவந்தா போதும்." பேனாவை எடுத்தார். "அந்தச் சின்ன ரூம்ல இந்தக் கறைய நீங்க பார்க்கலையே?"

"அந்த ரூம் பக்கமே நான் போகல," என்றான் டாரில்.

சட்டென்று, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது அந்தப் பொய். முதல் உண்மையைவிட இதுதான் ரோண்டாவை உலுக்கியது. இத்தனை சுலபமா? இப்படித்தான் தினமும் போனில் பேசினானா?

"நல்லது. ரெண்டு பேருமே கறையைப் பார்க்கலன்னு கையெழுத்துப் போட்டுட்டா, என் வேலை முடிஞ்சது," என்று வார்விக் காகிதத்தை நீட்டினார். "ரோண்டா, நீங்களும் இதை முன்னாடி பார்த்ததில்லதானே?"

ஒரு "இல்ல" போதும். புதுச் சீலிங், புது அலமாரி, எல்லாம் வந்துவிடும். பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆனால் கேட்டது டாரிலை.

"அடக்கத்தன்னிக்கு உனக்கு வேலை இல்ல. லீவு கேக்க ஒரு மேனேஜரும் இல்ல. ஏன்டா வரல?"

"டிக்கெட்டுக்கு..."

"என்கிட்ட கேட்டிருந்தா எடுத்துத் தந்திருக்க மாட்டேனா?"

"கேட்டா சொல்லணுமே ரோண்டா. எல்லாத்தையும் சொல்லணுமே."

அடக்கத்தன்று பார்த்த அவ்வளவு சின்னப் பெட்டியை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கையால் மகளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், சுரங்கத்தில் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்ட தாத்தாவும் பார்க்கட்டும் என்று. கை மரத்துப்போயும் இறக்கவில்லை. "அன்னிக்கு எல்லாரும் இருந்த மாதிரி அப்பா படமும் வேணும்மா" என்று டீகன் கேட்டதால், திரையை அப்படியே படம் எடுத்து வைத்தாள்.

ரோண்டா போனை எடுத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்க்கிற படம்.

"வேணாம் ரோண்டா," என்றான் டாரில். "நம்ம வீடு போயிடும்."

"தெரியும்," என்றாள்.

போனை வார்விக்கிடம் நீட்டினாள். "பிப்ரவரி பதினாலு. இவன் தலைக்கு மேல பாருங்க. இவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்."

வார்விக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு விரலால் கறையைப் பெரிதாக்கினார். டாஸ்மேனியா வளர வளர, அதற்குக் கீழே அழுதுகொண்டிருந்த டாரிலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைக்கு வெளியே போய்விட்டது.