ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட்

குடியேற்ற அலுவலகத்தில் அவனையும் மனைவியையும் தனித்தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். அவன் சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். அவள் வரவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி என்னதான் பேசுகிறாள் உள்ளே?

வந்த நாளிலிருந்தே அவளுக்கு இந்த இடம் ஒட்டவில்லை. குளிர், பாஷை, முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை எதுவுமே பிடிக்கவில்லை. இங்கே தங்க அவளுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் நிம்மதியாக அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரலாம். வேண்டுமென்றே எதையாவது உளறிவைக்கிறாளோ?

வெளியே வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. பஸ்ஸில் அவன்தான் துருவித் துருவிக் கேட்டான்.

"நீங்க ராத்திரி எப்பத் தூங்குவீங்கன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்."

"ரெண்டு பேரும் பத்து மணிக்குப் படுத்துடுவோம்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ராத்திரி பூரா நீங்க ரொட்டிக் கம்பெனியில நிக்கிறீங்க. நீங்க வந்து படுக்கறப்ப நான் வேலைக்குப் போயிடறேன். எதுக்குப் பொய் சொன்னீங்க? எதை மறைக்கறீங்க?"

மறைக்க ஒன்றுமில்லை. சேர்ந்து தூங்காதவர்களைப் போலித் தம்பதி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மாடிவீட்டு டிரைவர் பயமுறுத்தியதை நம்பி அளந்துவிட்டான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்தது. அவள் அவன் சட்டைப்பைகளைத் தடவிப்பார்த்தாள். அவள் அம்மாவோடு போனில் குசுகுசுப்பதை அவன் கதவோரம் நின்று கேட்டான். உருளைக்கிழங்கு விலைதான் காதில் விழுந்தது.

ஒருநாள் காலை, வேலை முடிந்து வந்தவன் ஷூவைக் கழற்றுவதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனால் ராத்திரி நான் எங்கே படுப்பது என்று கத்தினாள். அவள் குரலை உயர்த்தி அவன் கேட்டதே இல்லை. திகைத்துத் திரும்பினால், திறந்திருந்த வாசலில், சொல்லாமல் சோதிக்க வந்த குடியேற்ற அதிகாரி. கூடவே மொழிபெயர்க்கும் அம்மாள். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னார்.

அதிகாரி கட்டிலை எட்டிப்பார்த்தார். பத்து மணிக் கதையைப் பற்றிக் கேட்டார். அவன் தலை குனிந்தபடி டிரைவர் சொன்னதையெல்லாம் கக்கிவிட்டான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அதிகாரி எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அவன் துண்டைத் தொட்டுப்பார்த்தான். காய்ந்திருந்தது. ஜன்னலுக்குப் போனான். தெருமுனை வரை தெளிவாகத் தெரிந்தது.

"அவங்க வர்றதைப் பார்த்துட்டுத்தான் கத்தினியா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று கோட்டை மாட்டினாள். "டிரைவர் பேச்சைக் கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அடுத்த மாதம் அவளுக்கு அனுமதி அட்டை வந்தது. அன்று பார்த்துவிட்டுத்தான் கத்தினாளா என்று அவன் பிறகும் பலமுறை கேட்டுப்பார்த்துவிட்டான். அவள் பிடிகொடுக்கவில்லை.