அத்தை சுருக்கிய சோபா

டேப் வைத்து மூன்று தடவை அளந்து காட்டியாகிவிட்டது. நாதிர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வாசற்கதவுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே இருக்கும் சுவர் இரண்டு மீட்டர். வருங்கால மாமியார் தஹானி ஆசைப்பட்ட தங்கமுலாம் சோபாவோ இரண்டு மீட்டர் நாற்பது. அந்த சோபா வராத வீட்டுக்குத் தன் மகளும் வரமாட்டாள், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியாவிட்டால் நிச்சய மோதிரம் திரும்பி வரும் என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள். மகள் ஷைமா போனை எடுத்தாலே அழுகை. இரண்டு வருடம் காத்திருந்த கல்யாணம் போயும் போயும் ஒரு சோபாவில் சிக்கி நின்றது. கெய்ரோவில் சொன்னால் சிரிப்பார்கள். இவர்கள் இருக்கும் தும்யாத்தில் சிரிக்கமாட்டார்கள், ஊரே மரச்சாமான் செய்து பிழைக்கிற ஊர்.

நாதிர் மென்பொருள் எழுதுகிறவன். மரச்சாமான் கடை ஒன்றுக்காக அவன் செய்துகொண்டிருந்த செயலியில், கண்ணாடியை மாட்டிக்கொண்டால் காலி அறையில் சோபா நிஜமாகவே கிடப்பது போலத் தெரியும். இரண்டு கையிலும் விரல் குவித்துப் பிடித்து, கைகளை விலக்கினால் அது பெரிதாகும், நெருக்கினால் சின்னதாகும். கதவு அடைபடுவதைக் கண்ணால் பார்த்தாலாவது அத்தை இறங்கி வருவாள் என்று நம்பி, அன்று மதியம் தாயையும் மகளையும் புது வீட்டுக்கு அழைத்து வந்தான். அத்தைக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அவள் பார்ப்பதைத் தன் டேப்லெட்டில் பார்த்தபடி நின்றான்.

"தெரியுதா அத்தை? பால்கனிக் கதவு பாதி மறைஞ்சுபோச்சு."

"இரு மாப்பிள்ளை, இரு. எடுத்ததும் கதவு கதவுன்னு பறக்காதே."

சொல்லிக்கொண்டே அத்தை இரண்டு கையிலும் ஐந்து விரல்களையும் மேல்நோக்கிக் குவித்து ஆட்டினாள். பொறு என்று சொல்ல இங்கே வாயைவிடக் கைதான் முந்தும். கண்ணாடிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சோபாவைப் பிடித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டது. கைகள் நெருங்க நெருங்க சோபா சுருங்கி, சுவருக்குள் அடங்கிவிட்டது.

"பார்த்தியா, கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. இதுக்கா இத்தனை கூத்து அடிச்சே?"

நாதிருக்கு இத்தனை மாதம் மெனக்கெட்டும் சொந்த ஊர்க்காரர் கையை நினைக்காமல் விட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நீங்க சுருக்கிட்டீங்க அத்தை. நிஜ சோபா சுருங்காது. கடையில ஒரே அளவுதான்."

அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடையா? நீ எந்த ஊருப்பா? இது என் தம்பி பட்டறையில செய்யப்போறது. இன்னும் மரமே அறுக்கலை. எனக்கு அந்த வேலைப்பாடு வேணும். ரெண்டு நாற்பதுதான் வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? நீயும் வராது வராதுன்னு சொன்னியே தவிர, எவ்வளவு இருந்தா வரும்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

நியாயமாகப் பார்த்தால் நாதிர் சொல்லவே இல்லை.

ஷைமா டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். "அம்மா, உயரமும் சேர்ந்து குறைஞ்சிருக்கு. வர்றவங்க முழங்காலை மோவாயில இடிச்சுக்கிட்டுத்தான் உட்காரணும்."

"மேல் விளிம்பை மட்டும் பிடிச்சுத் தூக்குங்க அத்தை. அகலம் மாறாது," என்றான் நாதிர்.

அத்தை மறுபடி கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். ரொட்டி மாவை இழுக்கிற நிதானத்தோடு சோபாவை மேலே இழுத்தாள். அகலம் ஒன்று எண்பத்தைந்து, உட்காரும் உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று திரையில் எண்கள் நின்றன. அவள் அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டு, நாதிரை அந்த எண்களை வாசிக்கச் சொன்னாள். தம்பி ஏதோ கேட்டான். அவளும் ஏதோ சொன்னாள்.

"நாற்பது நாள்ல முடிச்சுடுவானாம்," என்று போனை வைத்தாள். "அதுக்கு அடுத்த வியாழக்கிழமை கல்யாணம். மண்டபத்துக்குச் சொல்லிடு மாப்பிள்ளை."

நாதிர் தன் போனை எடுப்பதற்குள் ஷைமா மண்டபத்துக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்திருந்தாள்.